ஒற்றை டிக்கெட்

கச்சேரிக்கு இந்த முறை மனைவியை அழைத்துப் போவதில்லை என்ற மாபெரும் தீர்மானத்தை அவர் எடுத்தது ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மெஷின் ரூமுக்குள் நின்றுகொண்டு. அவ்வளவு உயரத்தில் நின்றால் எந்தக் கணவனுக்கும் கொஞ்சம் தைரியம் வரத்தான் செய்யும். கீழே இறங்க இறங்க அது கரைந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே இறங்குவதற்கு முன்னாலேயே, அங்கே நின்றபடியே, செல்போனில் டிக்கெட் பதிவு செய்துவிட்டார். ஒன்றே ஒன்று. ஐந்தாவது வரிசை, நட்டநடு இருக்கை. அலுவலகத்துக்குப் போனதும் அதை அச்செடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஊரில் எந்த லிஃப்டும் ஏறாது, இறங்காது. அவருடைய பையில் டார்ச், அளவுநாடா, எண்ணெய்த் துணி எல்லாம் இருக்கும். ஆனால் அவர் நம்பியது தன் காதைத்தான். மோட்டாருக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "இடது பேரிங் போகப்போகுது. இன்னும் மூணு மாசம்" என்பார். மூன்றாவது மாசம் அது போய்விடும். கட்டட மானேஜர்கள் அவருக்குப் 'பாம்புச்செவி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது தனக்குத் தெரியாத மாதிரி வெளியில் காட்டிக்கொள்வார். வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லிக்காட்டுவார்.

அந்தக் காதுக்கு ஒரு பலவீனம் இருந்தது. வயலின். அதிலும் ஒரே ஒருவருடைய வயலின். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மையார். உலகம் முழுக்கப் புகழ்பெற்ற மேதை. அந்த அம்மாள் வில்லைத் தொட்டால் இவர் விழுந்துவிடுவார். மெஷின் ரூம்களின் தனிமையில் அந்த அம்மாளின் இசைப்பதிவுகளைக் கேட்டுக்கேட்டே இன்ஸ்பெக்டரின் பாதி உத்தியோகம் ஓடியிருந்தது. அப்பேர்ப்பட்டவர் நேரிலேயே வந்து, ஊர் இசைக்குழுவோடு வாசிக்கப்போகிறார் என்றால் சும்மாவா?

அதற்கும் மனைவியை விட்டுவிட்டுப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

மனைவி மருந்துக்கடை வைத்திருந்தாள். காது கேளாத பெரியவர்களிடம் "சாப்பாட்டுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு" என்று நாள் பூராவும் சொல்லிச் சொல்லிப் பண்பட்ட குரல். அவள் ரகசியம் பேசினால் நாலு வரிசைக்குக் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இசைக்குழுவின் கச்சேரிக்கு ஆசையாக அழைத்துப் போயிருந்தார். ஊசி விழுந்தால் கேட்கும் இடம் ஒன்று வந்தது. அங்கேதான் அவள் அவர் காதருகே குனிந்தாள்.

"என்னங்க, அந்தக் கோடியில ஒருத்தர் முக்கோணக் கம்பியை வச்சுட்டு உக்காந்திருக்காரே, இன்னும் ஒரு தடவைகூட அடிக்கலையே?"

"ஷ்ஷ்!"

"மறந்துட்டாரோ?"

"அவர் முறை வரும்போது அடிப்பார்."

"வந்து போயிடுச்சோ என்னவோ. யாராவது ஞாபகப்படுத்தக்கூடாதா?"

முன்னால் நாலு வரிசை, பின்னால் நாலு வரிசை சிரித்தது. முக்கோணக்காரர் பதறிப்போய் அடித்தே விட்டார் என்று இன்ஸ்பெக்டர் சொல்வார். அது கொஞ்சம் மிகை. கையை மட்டும்தான் தூக்கினார். ஆனாலும் அன்றைக்குப் போன மானம் இன்னும் வீடு திரும்பவில்லை.

ஆகவே ஒற்றை டிக்கெட்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், ஷூவைக் கழற்றியபடி, ஏதோ ஷூவிடம் சொல்வது மாதிரி சொன்னார். "வயலின் அம்மா கச்சேரிக்கு டிக்கெட் கிடைச்சுது."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்தது. "அடடே! நானும் அதைப் பத்தித்தான் பேசணும்னு இருந்தேன். எத்தனை டிக்கெட்?"

"அதான் கஷ்டமா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சமிருந்துது. அதுவும் தூணுக்குப் பின்னாடி."

மடித்த துண்டை அவள் ஒரு தடவை பிரித்தாள். மறுபடி மடித்தாள். "தூணுக்குப் பின்னாடியா?"

"பெரிய தூண். பாதி மேடை தெரியாது. நீ வந்திருந்தாலும் உனக்குச் சலிப்பாத்தான் இருந்திருக்கும்."

"எந்தப் பக்கத்துத் தூண்?"

"இடது பக்கம்." கேட்ட வேகத்திலேயே பதில் வந்தது. தன் திறமையில் அவருக்கே ஒரு மதிப்பு உண்டாயிற்று.

"அடப் பாவமே. எட்டி எட்டிப் பாத்து கழுத்து பிடிச்சுக்குமே உங்களுக்கு." அவள் துண்டை அடுக்கில் வைத்தாள். "வயலினுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"ரெண்டாம் பாதியா? அதை விடு. ஏதோ ஒரு பழைய சிம்பொனி. எழுபது வருஷமா யாருமே தொடாதது. தூசி தட்டி எடுத்திருக்காங்க. கேட்டா தும்மல்தான் வரும்."

"நீங்க கேட்டிருக்கீங்களா?"

"யாருமே கேட்டதில்லைங்கறேன்! நல்லா இருந்தா கேட்டிருக்க மாட்டாங்களா? நான் இடைவேளையிலேயே எழுந்து வந்துடுவேன்."

"பாவம், அதை வாசிக்கிறவங்களும் பாடறவங்களும்."

"பாடறவங்களா? சிம்பொனியில யாரு பாடுவா?"

"எனக்கென்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்" என்றாள். துணி அடுக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, முகம் தூக்கல் இல்லை. பஸ்ஸில் வரும்போது முக்கால் மணி நேரம் வாக்குவாதத்துக்கு ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வெற்றி என்பது இத்தனை சுலபமாகக் கிடைத்தால் மனிதனுக்கு லேசாகச் சந்தேகம் தட்டும். அவருக்கும் தட்டியது. ஆனால் தூங்கிவிட்டார்.

அடுத்த வாரம் வீட்டில் வேறொரு தொந்தரவு ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்ஸ்பெக்டர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்து ஒரு சத்தம். தாழ்வான, ஒரே சீரான, ஏற்றமும் இறக்கமும் இல்லாத ஒரு முனகல். லிஃப்ட் இன்ஸ்பெக்டருக்கு ஏற்ற இறக்கம் இல்லாத எதுவும் பிடிக்காது. எழுந்து போய்ப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி மூலையில் நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தார். மறுபடி ஆரம்பித்தது.

"கம்ப்ரஸர்" என்றார் அங்கிருந்தே.

"என்னது?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஃபிரிட்ஜ். கம்ப்ரஸர் போகப்போகுது. இன்னும் மூணு வாரம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"உனக்குக் கேக்காது. அதுக்கெல்லாம் ஒரு காது வேணும்."

மறுநாளே ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை வரவழைத்தார். உருண்டையான உடம்பும் அடர்த்தியான மீசையும் கொண்ட ஆள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரொம்ப மரியாதையாகப் பேசினார். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். முதுகுப் பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினார். அதற்குள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வர பத்து நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்தபோது மெக்கானிக் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் ஈரம். மனைவி அன்றும் நறுக்கிய வெங்காயம் காரணமாக இருக்கலாம்.

"என்னப்பா, சொன்னது சரிதானே?"

"நூத்துக்கு நூறு சார். சத்தம் இருக்கு. நானே கேட்டேன்."

"பாத்தியா!" இது மனைவிக்கு.

"ஆனா ஃபிரிட்ஜுல குறை ஒண்ணும் இல்ல சார். சில உருப்படிங்க இப்படித்தான், உள்ளுக்குள்ள ஏதோ இருக்கும், முனகிக்கிட்டே இருக்கும். தொடக்கூடாது. தானா நின்னுடும்."

"எப்போ நிக்கும்?"

மெக்கானிக் ஒரு கணம் மனைவியின் பக்கம் பார்த்தார். "இந்த மாசம் கடைசி ஞாயிறு, சாயந்தரம் ஆறு, ஆறரை."

இன்ஸ்பெக்டர் அசந்துபோனார். தானாக இருந்தால் 'மூன்று வாரம்' என்பதோடு நிறுத்தியிருப்பார். மணிக்கணக்கு சொல்கிற ஆளை அவர் தொழிலில் பார்த்ததே இல்லை. "எப்படிப்பா அவ்வளவு கச்சிதமாச் சொல்ற?"

"அனுபவம் சார்" என்றார் மெக்கானிக், தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு.

கடைசி ஞாயிறும் வந்தது. கச்சேரி பிற்பகல் நாலு மணிக்கு. மனைவி இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டாள். தலை முதல் கால்வரை கறுப்பு உடை.

"கறுப்பா?" என்றார் அவர், கண்ணாடி முன்னால் தலை சீவியபடி.

"அழுக்குத் தெரியாது" என்றாள் அவள்.

எங்கே போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதிலுக்கு ஏதாவது கேட்பாள் என்ற பயம். அக்கா வீட்டுக்குத்தான் போகிறாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். இப்போதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் அவள் போய்வருவது அங்கேதான் என்பதும் அவராகவே முடிவு செய்திருந்ததுதான்.

அரங்கத்துக்குள் நுழைந்து, ஐந்தாவது வரிசையின் நடு இருக்கையில் அமர்ந்தபோது ஒரு ராஜாவுக்குச் சிம்மாசனத்தில் வருகிற நிம்மதி அவருக்கு வந்தது. காலை நீட்டினார். இடது பக்கம் ஒரு பெரியவர் கண்ணை மூடியிருந்தார். வலது பக்கம் திரும்பினார்.

"வணக்கம் சார்" என்றார் ஃபிரிட்ஜ் மெக்கானிக். இஸ்திரி போட்ட சட்டை. மடியில் தொப்பி.

"நீ எங்கப்பா இங்க?"

"டிக்கெட் கொடுத்தாங்க சார், இனாமா. நம்ம வாடிக்கையாளர் ஒருத்தங்க."

இன்ஸ்பெக்டருக்கு வயிற்றுக்குள் ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்தது. இந்த ஆள் நாளைக்கே வீட்டுக்கு வந்து எதையாவது உளறிவைத்தால்? மெக்கானிக்கின் தோளோடு தோளாகச் சாய்ந்தார்.

"இந்தாப்பா, எங்க வீட்டுப் பக்கம் வந்தா, என்னை இங்க பாத்ததாச் சொல்ல வேண்டாம்."

"வேற எங்க பாத்ததாச் சொல்லட்டும் சார்?"

"தூணுக்குப் பின்னாடி."

மெக்கானிக் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். எழுந்து நின்று பின்பக்கமும் பார்த்தார். "எந்தத் தூண் சார்?"

அப்போதுதான் இன்ஸ்பெக்டரும் பார்த்தார். அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவர்வரை ஒரே வளைவாகக் கூரை. அவ்வளவு பெரிய அரங்கத்தில் மருந்துக்குக்கூட ஒரு தூண் இல்லை. பரவாயில்லை, மருந்துக்கடைக்காரி இங்கே வந்தது ஒரே தடவை, அதுவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கெங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார். விளக்குகள் மங்கின.

வயலின் அம்மாள் மேடைக்கு வந்தார். சின்ன உருவம், சாம்பல் நிற உடை, நரைத்த தலை. கடைக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்தவர் மாதிரி சாதாரணமாக வந்து நின்றார். வில்லை வைத்தார். அதற்கப்புறம் இன்ஸ்பெக்டருக்குத் தூண் மறந்தது, மெக்கானிக் மறந்தார், உலகமே மறந்தது. வேகமான இடங்களில் எட்டு விரலா பத்து விரலா என்று எண்ண முடியவில்லை. ஆனால் அவரைக் கவிழ்த்தது வேகம் இல்லை. நடுவில் ஒரு நிதானமான பகுதி வந்தது. ஒரே ஒரு ஸ்வரம், அசங்காமல், சத்தமில்லாமல் புறப்பட்டது. எந்த மாடியிலும் நிற்காமல், கூரையையும் தாண்டி, ஏறிக்கொண்டே போயிற்று. அவர் கண்ணில் நீர் முட்டியது. "பாத்தியா?" என்று கிசுகிசுத்தபடி பக்கத்தில் திரும்பினார்.

மெக்கானிக்கின் மீசை இருந்தது.

அந்த நேரம் அவருக்கு என்னவோ போல ஆயிற்று. அத்தனை நிசப்தத்தில் யாருமே எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டார்? ஆனாலும் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருக்க, கேள்வி கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பது சுகமாக இல்லை.

கைதட்டல் அரங்கத்தைக் கிழித்தது. அம்மாள் நாலு தடவை வந்து வணங்கிவிட்டுப் போனார். இடைவேளையில் பாதிக் கூட்டம் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. இன்ஸ்பெக்டரும் எழுந்தார். சட்டைக் கை எங்கேயோ மாட்டிக்கொண்டது. பார்த்தால், மெக்கானிக் பிடித்திருக்கிறார்.

"உக்காருங்க சார். நான் வந்ததே இதுக்குத்தான்."

"எழுபது வருஷமா யாரும் தொடாத சிம்பொனிப்பா!"

"யாரும் தொடாத மோட்டாரெல்லாம் நான் ஓட்டியிருக்கேன் சார். எண்ணெய் விட்டா ஓடும்."

தொழில்முறையில் இதற்கு மறுப்பு இல்லை. உட்கார்ந்தார்.

இசைக்குழுவின் நடத்துனர், உயரமான ஒல்லி மனிதர், வாசிப்புக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். இந்தச் சிம்பொனியை எழுதியவர் ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை பார்த்தவர் என்றார். ஐந்து சிம்பொனி எழுதினாராம். ஒன்றைக்கூட முழுசாகத் தன் காதால் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தாராம். "இதன் கடைசிப் பகுதிக்கு நாற்பது குரல் வேண்டும். முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்: 'பாடத் தெரிந்தவர்கள் வேண்டாம்.' இத்தனை வருஷமாக இதை யாரும் எடுக்காததற்கு அதுதான் காரணம். பாடத் தெரியாதவர்கள் நிறைய உண்டு. தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவர்கள்தான் கிடைக்கவில்லை." கூட்டம் சிரித்தது. "நல்லவேளை, எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மாத்திரை வாங்கப் போன மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவில் அறிவிப்பு ஒட்டினேன். அந்தக் கடைக்காரரே முதல் பெயரைக் கொடுத்தார்."

ஊரில் எத்தனையோ மருந்துக்கடை, என்று நினைத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

மூன்று பகுதிகள் முடிந்தன. தும்மல் வரவில்லை. பக்கவாட்டுக் கதவு திறந்து, கறுப்பு உடையில் நாற்பது பேர் வரிசையாக வந்து இசைக்குழுவுக்குப் பின்னால் நின்றார்கள். இரண்டாவது வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக ஒரு பெண். அட, நம்மவள் ஜாடையிலேயே ஒருத்தி, என்று நினைத்தார். அந்த ஒருத்தி நேராக ஐந்தாவது வரிசையின் நடு இருக்கையைப் பார்த்தாள். புன்னகை செய்தாள்.

இன்ஸ்பெக்டர் சட்டென்று குனிந்து, கீழே விழாத காகிதத்தைத் தேடினார். நிமிர்ந்தபோதும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளிவதற்கு யாரும் இல்லை. இடதுபக்கப் பெரியவரும் இடைவேளையிலேயே போய்விட்டிருந்தார். அந்த வரிசையில் மிச்சம் இவரும் மெக்கானிக்கும்தான். மெக்கானிக் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நடத்துனர் கையை உயர்த்தினார். நாற்பது பேரும் வாயைத் திறக்காமல் ஒரே ஸ்வரத்தில் முனக ஆரம்பித்தார்கள். தாழ்வான, ஒரே சீரான சத்தம்.

"சார்" என்றார் மெக்கானிக் மெதுவாக, "கம்ப்ரஸர்."

அந்த முனகலுக்கு மேலே ஒவ்வொன்றாக வயலின்கள் வந்து அமர்ந்தன. பிறகு செல்லோக்கள், பிறகு குழல்கள். அத்தனை இசையும் அந்த ஒற்றைச் சத்தத்தின் மேல்தான் சாய்ந்து நின்றது. அது மட்டும் நகரவில்லை. எழுபது வருஷம் அலமாரியில் கிடந்த ஒரு மனிதரின் மனசு, பாடத் தெரியாதவர்கள் மூச்சில் எழுந்து உட்கார்ந்தது. நாற்பது பேரில் ஒரு குரல் அவருக்குத் தனியாகக் கேட்டது. வயலின் அம்மாளுக்குத் தட்டியதைவிடப் பலமாக, எழுந்து நின்று தட்டினார். தட்டிவிட்டுத்தான் தன் நிலைமை ஞாபகம் வந்தது.

அரங்கத்தின் பக்கவாசலில் அந்திவெயில் அடித்தது. அவள் கைப்பையோடு வெளியே வந்தாள். மெக்கானிக் மரியாதையாக இரண்டடி தள்ளி நின்றார்.

"தூண்னு சொன்னப்பவே தெரிஞ்சுதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு மாசமா அந்த மேடையில நிக்கறேன். தூண் ஒண்ணு இருந்தா சாஞ்சிருக்க மாட்டேனா?"

"அப்போ இவரு?"

"பாடறவங்க வீட்டுக்கு ஒரு டிக்கெட் கொடுத்தாங்க. அன்னைக்கு உங்களுக்குக் கொடுக்கலாம்னுதான் காத்துட்டிருந்தேன். நீங்களே ஒண்ணு வாங்கிட்டு வந்து நின்னீங்க. துவைக்கப் போடறப்ப சட்டைப் பையில நம்பரைப் பாத்தேன், பக்கத்து சீட்டாக் கேட்டு வாங்கினேன். இடைவேளையில ஓடுவேன்னு வேற சொன்னீங்களா, பிடிச்சு உக்கார வைக்க பலமான ஆளா ஒருத்தர் வேணுமில்ல?"

டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவளுக்கு அச்சடித்த டிக்கெட்டைப் படிப்பதா கஷ்டம்? அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லா இருந்தது" என்றார்.

"எது, வயலினா?"

"அதுவும்தான்." தொண்டையைச் செருமினார். "தெரியாமப் பேசிட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ?"

"சொன்னேனே! பேர் கொடுத்த அன்னைக்கே சொன்னேன். நீங்க பேப்பர் படிச்சுட்டு 'ம்'னீங்க. ஒத்திகைக்குப் போறேன்னு ஒவ்வொரு வாரமும் சொன்னேன். 'ம்'னீங்க."

அதற்குள் நடத்துனர் வெளியே வந்தார். மனைவியைப் பார்த்ததும் நின்றார். "இவர்தானா?" என்று கேட்டார். "இவரேதான்" என்றாள். நடத்துனர் இன்ஸ்பெக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "செவ்வாய்க்கிழமை ஆறு மணி, மறக்காம வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு மகிழ்ச்சியோடு போய்விட்டார்.

"என்ன செவ்வாய்க்கிழமை?"

"அதே நூலகக்காரர் எழுதின இன்னொரு சிம்பொனி இருக்காம். அதுல ஒரே ஒரு ஆம்பளைக் குரல், தனியா நின்னு, முதல்லேருந்து கடைசி வரைக்கும் 'ம்' மட்டும் சொல்லணுமாம். ஆள் கிடைக்காமத் தவிச்சிட்டிருந்தார் மனுஷன். எங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்கார், இருபத்தி ரெண்டு வருஷ அனுபவம்னு சொல்லிட்டேன். வர்றீங்கதானே?"

இன்ஸ்பெக்டர் மனைவியைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

"ம்" என்றார்.